மதகுப் பக்கம் திரும்பிய பாய்மரப் படகு

கள்ளக்குறிச்சியில் பாய்மரப் படகுப் போட்டி என்று சேகர் போனில் சொன்னபோது, "எந்தக் கள்ளக்குறிச்சி?" என்றுதான் முதலில் கேட்டேன். கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளைகிற பூமி. கடல் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து கடலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே போய் எவன் பாய் விரிக்கப் போகிறான் என்று சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. கல்வராயன் மலையடிவாரத்துல பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. மலையில நல்ல மழை, இப்ப தளும்புது. நாலு படகு. சுக்கான் பிடிக்க நாலு பேர் வெளியூர்லேருந்து. மத்தபடி படகுக்கு ரெண்டு பேர் உள்ளூர் ஆளுங்க" என்றார் சேகர். தனியார் விளையாட்டுக் குழு ஒன்றை நடத்துகிறவர், எனக்குப் பழக்கம்.

"உள்ளூர் ஆளுங்கன்னா, படகு தெரிஞ்சவங்களா?"

"நீச்சல் தெரிஞ்சவங்க" என்றார். அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். ஆனால் சென்னைக் கடலில் இத்தனை வருடம் படகு விட்டும் நான் வாங்கியதெல்லாம் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும்தான். நாலே படகு என்றதும் சபலம் தட்டியது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போட்டி, இரண்டிலும் சேர்த்து யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. சரி என்றேன். போன ஆவணியில் நடந்த கதை இது.

ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. அங்கே மேற்கே திரும்பினால் கள்ளக்குறிச்சி. மொத்தம் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் முந்நூறுக்கு உள்ளேதான், ஐந்தரை மணி நேரம் ஆகிறது. உளுந்தூர்பேட்டையில் பஸ் நிற்கும்போது டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நான் தின்ற வடை மறுநாள் வரை நெஞ்சிலேயே நின்றது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தமாக இருந்தது, வெந்நீர் மட்டும் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வடக்கனந்தல் வழியாக ஆட்டோவில் ஏரிக்குப் போனேன். போக மட்டும் நானூறு கேட்டார், முந்நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். வழியெல்லாம் வயல்கள் உழாமல் கிடந்தன. டிரைவர் அதைக் காட்டி, "தண்ணி வுட்டா ஏர் கட்டிடுவாங்க, எல்லாம் அதுக்குத்தான் காத்துகினு இருக்காங்க" என்றார். நான் "ம்" என்றேன். மலை எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்பதிலேயே என் கவனம் இருந்தது.

கரையேறியதும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர். இவ்வளவு தண்ணீரை இந்தப் பக்கத்தில் நான் எதிர்பார்க்கவே இல்லை. பின்னால் மலை நீலமாக நிற்கிறது, அதன் கணவாயிலிருந்து மேல்காற்று நேராக ஏரிமேல் இறங்குகிறது. லாரியில் வந்த நாலு படகுகளும் கரையில் கிடந்தன. அடுத்த அதிர்ச்சி என் ஆட்களைப் பார்த்தபோது.

அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதற்கு மேல் மிதவைச் சட்டை. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கூட்டிப் போகிறவர். சொந்த நிலம் கிடையாது, இந்த வருடம் முதல் தடவையாக ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்திருக்கிறாராம், அதுவும் கால்வாயின் கடைசியில். கூட வந்த ஏழுமலை அவர் வீட்டுக்காரரின் தம்பி, டிராக்டர் ஓட்டுகிறவர். இரண்டு பேரும் அதற்கு முன் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"கெணத்துல குதிச்சி நீந்துற ஆளுங்க மேடம் நாங்க. இதுல இன்னா, அகலம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்" என்றார் அஞ்சலை.

படகு ஏறி ஐந்து நிமிடத்தில் எனக்குத்தான் பயம் வந்தது. காலில் கயிறோ பாயோ பட்டுவிட்டால், இரண்டு பேரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பதினைந்தடிப் படகில் கயிறு காலில் படாமல் எப்படி இருக்கும்? படகு திரும்புகிற நேரத்தில், பாயின் அடிக்கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசி வருகிற நேரத்தில், ஏழுமலை பயபக்தியோடு குனிந்து கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிட்டு நிமிர்ந்த தலையில் கட்டை 'ணங்'கென்று விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் மண்டையைத் தேய்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க, டிராக்டர் கம்பி இதவுட பலமா அடிக்கும்" என்றார்.

"கயிறு சாமி இல்லை, தலைதான் முக்கியம்" என்று கத்தினேன். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் கை பாட்டுக்குக் கண்ணுக்குப் போய் வந்தது. இடம் வலம் என்று சொன்னாலும் படகு திரும்பத் திரும்ப அவர்களுக்குக் குழம்பியது. கடைசியில் 'மலைப் பக்கம்', 'மதகுப் பக்கம்' என்று வைத்துக்கொண்டோம். மேற்கே மலை, கிழக்கே கரையில் கால்வாய்க்குத் தண்ணீர் விடுகிற மதகு. படகு எப்படித் திரும்பினாலும் அவை இரண்டும் இடம் மாறாது. மதியத்துக்கு மேல் கொஞ்சம் பிடிபட்டது. இரண்டு பேருக்கும் கயிறு இழுத்த கை, உடம்பில் பலம் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் பழகலாம் என்று பார்த்தால் அஞ்சலை கிளம்பிவிட்டார்.

"வூட்ல விதை நெல்லு ஊற வெக்கணும் மேடம். இருட்டறதுக்குள்ள போவணும்."

போட்டிக்கு முந்தின நாள் எவராவது பயிற்சியை விட்டுவிட்டு நெல் ஊற வைக்கப் போவார்களா? எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் சுக்கான் பிடிக்கிற நாலு பேரையும் உட்கார வைத்து சேகர் விதிகளைச் சொன்னார். "தண்ணி மட்டம் எறங்கிடுமோன்னு கவலைப்படாதீங்க. ரெண்டாவது போட்டி முடியிற வரைக்கும் மதகத் தொறக்க மாட்டாங்க. பேசி முடிச்சாச்சு" என்றார். நல்லதாகப் போயிற்று என்று நானும் தலையாட்டினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏரிக்கரைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கரை நெடுகச் சனம். கைக்குழந்தையோடு பெண்கள், சைக்கிளில் பெரியவர்கள், டிராக்டர் பெட்டியில் ஒரு ஊரே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் போட்டி நடத்தினால் கரையில் பத்துப் பேர் நிற்பார்கள், அதில் நாலு பேர் சுண்டல் விற்கிறவர்கள். எனக்குப் புல்லரித்துப் போனது. கிராமத்து மக்களுக்குப் பாய்மரப் படகு மேல் இத்தனை ஆசையா என்று சேகரிடமே சொன்னேன். அவரும் பூரித்துப்போய் இருந்தார். ஷாமியானா, மாலைகள், பனைமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, மேடை. பத்து மணிக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய அதிகாரி காரில் வந்து இறங்கினார். கூட்டம் கைதட்டிய தட்டில் ஏரியே அதிர்ந்தது.

அஞ்சலை கையில் ஒரு துணி மூட்டை. பிரித்துக் காட்டினார். சாமந்திப் பூ, மஞ்சள், ஒரு கை நெல், கற்பூரம். படகுக்குப் பூஜை போடத்தான் என்று நினைத்தேன். சந்தோஷமாக, "போடுங்க போடுங்க" என்றேன். படகு மூக்கில் ஒரு துளி மஞ்சள் வைத்துவிட்டு, மிச்சத்தை முடிந்து மிதவைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது, ஆனால் கேட்க நேரமில்லை. விசில் ஊதப் போகிறார்கள். கரையைப் பார்த்து நான் கையசைத்தேன். அவர்களும் அசைத்தார்கள்.

மூன்று மிதவைகளை முக்கோணமாகச் சுற்றி வர வேண்டும், மூன்று சுற்று. நம்பினால் நம்புங்கள், முதல் சுற்றில் நாங்கள்தான் முன்னால். மலைக்காற்று பாயில் நிறைய, ஏழுமலை கயிற்றை விடாமல் பிடித்திருந்தார், இரண்டே தடவைதான் கும்பிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு முன்னால் வேறு படகு இல்லை. இரண்டாவது சுற்றில் மதகுக்குப் பக்கத்து மிதவையைச் சுற்றித் திரும்பியதும் அஞ்சலை கேட்டார்.

"மேடம், இன்னும் எத்தினி சுத்து போனா மதகு தொறப்பாங்க?"

"மதகா? அதை யார் திறக்கறது?"

"ஆபீசர்தான். அதுக்குத்தான வந்திருக்காரு."

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஏழுமலைதான் விளக்கினார். ஒவ்வொரு வருடமும் ஏரி நிறைந்ததும் இதே கரையில் ஷாமியானா போடுவார்கள். மாலை வரும், மைக் வரும், பெரிய அதிகாரி வருவார். மதகைத் திருகிப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுவார், சனம் பூவும் நெல்லும் தூவும். அதைத் தவிர இந்தக் கரையில் எதற்கும் பந்தல் போட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு ஆபீசர் வருகிறார் என்ற சேதி ஊருக்குள் வந்ததும், தண்ணீர் விடப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"அப்ப இந்தப் படகெல்லாம்?"

"போன வருசம் மோளம் வெச்சாங்க. இந்த வருசம் படகுன்னு நெனச்சோம்" என்றார் ஏழுமலை.

கரையில் நிற்கிற அத்தனை சனமும் எங்களைப் பார்க்க வந்தவர்கள் இல்லை. நான் வேறு அவர்களைப் பார்த்துக் கையசைத்திருக்கிறேன்.

அஞ்சலை சொன்னார். "ஊரே நேத்து விதை ஊற வெச்சாச்சு மேடம். இன்னிக்கி சாயங்காலம் வடிச்சி மூட்டை கட்டினா நாளைக்கி மொளப்பு வுட்டுடும். நாளன்னிக்கி சேத்துல தெளிச்சே ஆவணும். இல்லாட்டி மூட்டையிலயே வெந்து பூடும். போர் இருக்கறவங்க எப்டியோ சமாளிப்பாங்க. எனக்கு இந்தத் தண்ணிதான். கடமடைக்கு வந்து சேரவே ரெண்டு நாளாவும். அதான் ஆபீசர் பக்கத்துல போயி, கடமடைக்குப் பாத்து வுடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்னு படகுல ஏறினேன்."

சேகர் முந்தின நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. மறைக்க மனசு வரவில்லை. "இன்னிக்குத் திறக்க மாட்டாங்க அஞ்சலை. அடுத்த ஞாயிறு இன்னொரு போட்டி இருக்கு. அது முடியற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்காங்க" என்றேன்.

ஏழுமலை கையிலிருந்த கயிறு தானாக நழுவியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு நடு ஏரியில் நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மற்ற படகுகள் எங்களைத் தாண்டிப் போயின. பழக்க தோஷத்தில் "கயிறு, கயிறு" என்று கத்த வாயெடுத்து அப்படியே மூடிக்கொண்டேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது?

அஞ்சலைதான் முதலில் பேசினார். "செயிச்சா ஆபீசர்கிட்ட போவலாமா?"

"முதல் ரெண்டு படகை மேடைக்குக் கூப்பிடுவாங்க."

"அப்ப ஓட்டுங்க மேடம். ஏழுமல, கயித்த இழு."

"அண்ணி, நாம கடைசியில கீறோம்."

"இழுடான்னா."

அதற்கப்புறம் நடந்ததை நான் இதுவரை எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. கணவாயிலிருந்து காற்று சாட்டை மாதிரி இறங்கியது. மற்றவர்கள் பயந்து பாயைத் தளர்த்தினார்கள். நாங்கள் தளர்த்தவில்லை. "மலைப் பக்கம் சாயுங்க" என்று நான் சொன்ன மாத்திரத்தில் இரண்டு பேரும் முதுகு தண்ணீரில் உரசுகிற அளவுக்கு வெளியே சாய்ந்தார்கள். கயிறு காலில் பட்டது, முகத்தில் பட்டது, ஒருத்தரும் கும்பிடவில்லை. மூன்றாவது சுற்றில் எங்களுக்கு முன்னால் போன படகு ஒன்று கவிழ்ந்தது. மோட்டார் படகு போய் மூன்று பேரையும் தூக்கிக்கொண்டது. இன்னொன்றைக் கடைசி மிதவையில் உள்பக்கமாகப் புகுந்து தாண்டினேன். இரண்டு படகும் உரசிக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டதும் உண்மை. சுக்கான் பிடித்த நாலு பேரில் ஒருவரான புதுச்சேரிக்காரர் எங்களுக்கு ஒரு படகு நீளம் முன்னால் போய் ஜெயித்தார். நாங்கள் இரண்டாவது. வழக்கம்போல இரண்டாவது, ஆனால் அன்றைக்குத்தான் அந்த இடத்துக்காக அழுதேன்.

பரிசளிப்பு மேடையில் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி பதக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அஞ்சலை, சேலையெல்லாம் தண்ணீர் சொட்ட, நேரே அவரிடம் போனார். மிதவைச் சட்டைக்குள் கையை விட்டு, நசுங்கிப் போன பூ மூட்டையைப் பிரித்து, பதக்கம் வைத்திருந்த தட்டில் கொட்டினார். மஞ்சளையும் நெல்லையும் அதன்மேல் வைத்தார். தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வாங்கய்யா, நேரம் போவுது. சனம் மதகாண்ட காத்துகினு இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான்தானே நடு ஏரியில் சொன்னேன். அதிகாரி திரும்பிக் கரையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். மேடைக்கு எதிரே ஒருத்தரும் இல்லை. அத்தனை கூட்டமும் மதகைச் சுற்றிப் போய் நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மூட்டை.

அதிகாரி பக்கத்தில் நின்ற பொறியாளரிடம் தலையைச் சாய்த்து, "இன்னிக்கா தண்ணி திறப்பு?" என்று மெல்லக் கேட்டார். பொறியாளரும் மெல்லத்தான் சொன்னார். "உத்தரவு போன வாரமே வந்துடுச்சு சார். போட்டிக்காகத்தான் கொஞ்சம் தள்ளி வச்சோம்."

மைக் அவர்கள் வாய்க்கு முன்னாலேயே இருந்தது. பனைமரத்து ஒலிபெருக்கி ஒரு வார்த்தை விடாமல் கரை முழுக்கச் சொன்னது. கல் பறக்கப் போகிறது என்றே நினைத்தேன். ஒருத்தரும் அசையவில்லை, மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அதிகாரியின் முகம் செத்துப் போனது. அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. பதக்கத்தை மேசையில் வைத்தார், தட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கி மதகை நோக்கி நடந்தார். பன்னிரண்டரைக்குச் சக்கரம் திருகினார்கள். தண்ணீர் பொங்கிக்கொண்டு கால்வாயில் விழ, சனம் பூவைத் தூவியது.

சேகர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். "உங்க படகு ஆளுங்கதானே, நீங்க சொல்லிக் குடுத்துத்தானே இப்படிச் செஞ்சாங்க" என்றார். இரண்டாவது போட்டி ரத்து. அவர் குழுவிலிருந்து எனக்கு இனி அழைப்பு வராது.

ஊருக்குத் திரும்ப மனசு வரவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் போனதா என்று தெரியாமல் போனால் தூக்கம் பிடிக்காது. திங்கட்கிழமை காலை கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் பிடித்தேன். இரண்டு மணி நேரம் போல ஆகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் முன் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள். மேலே குளிரும், சாமைக் காடும், பெரியார் அருவியும் நன்றாக இருந்தன. எனக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை. விழுகிற தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம், இது எத்தனை மணிக்குக் கீழே போகும் என்றே கணக்குப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அஞ்சலையின் ஊருக்குப் போனேன். கால்வாய் காய்ந்து கிடந்தது. அவர் கரையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஈரச் சாக்கு. கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். நெல் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை. கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஏழுமலை டிராக்டரை வயலோரம் நிறுத்திவிட்டு மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. சாக்கை நிழலுக்கு இழுத்துப் போட்டார்கள்.

பன்னிரண்டுக்கு மேல்தான் வந்தது. முதலில் சருகும் நுரையும், பின்னால் கலங்கலாக முழங்கால் உயரம்கூட இல்லாத தண்ணீர். அதில் வாடிய சாமந்திப் பூக்கள் மிதந்து வந்தன. அஞ்சலை கால்வாயில் இறங்கி ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏழுமலை வயலுக்குத் தண்ணீர் பாய்கிற வாய்மடையை வெட்டி விட்டார். சாயங்காலத்துக்குள் ஒரு மூலையைச் சேறாக்கி விதை தெளித்தார்கள். ஒரு ஓரத்தில் நானும் தெளித்தேன், குவியலாக விழுந்தது என்று திட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது கேட்டேன். "படகுல நான் சொன்னேனே, இன்னிக்குத் திறக்க மாட்டாங்கன்னு. அப்புறமும் எப்படி அவரைக் கூப்பிட்டீங்க?"

"பூவை வாங்கினப்புறம் எந்த ஆபீசர் மேடம் மாட்டேன்னு சொல்லுவாரு?" என்றார். "அடுத்த வருசமும் படகுப் போட்டி வெச்சா சொல்லுங்க. வர்றோம்."

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஆவணி, புரட்டாசியில் மலை பச்சையாக இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிமலையில் தங்குமிடம் கம்மி, கள்ளக்குறிச்சியில் தங்கி காலையில் ஏறுவது நல்லது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படகு விடுவதானால் காற்று பத்து மணிக்கு மேல்தான் எழும்பும். தேதி குறிப்பதற்கு முன்னால் அங்கே பாசனத்துக்கு எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்று விசாரியுங்கள். கரை நிறையச் சனம் நின்றால், கையசைப்பதற்கு முன்னால் அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.